கணினியில் ருமேனிய மொழியா, ஆங்கிலமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழி கற்கும் ஆசையில் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் என் கணினியை ருமேனிய மொழிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சில பதில்கள் நீளம். சிலவற்றில் சொல்ல அதிகமில்லை.

உலகத்தில் எத்தனையோ மொழி இருக்க, ஏன் ருமேனிய மொழி?

லத்தீனிலிருந்து பிறந்த மொழி அது. இத்தாலியனுக்கும் பிரெஞ்சுக்கும் உறவு. ருமேனியாவிலும் மால்டோவாவிலும் ஆட்சிமொழி. ஆனால் எனக்குப் பிடித்துப்போன காரணம் வேறு. ஆங்கிலத்துக்காகச் செய்த கணினியில் இன்னொரு மொழி குடியேறினால் எங்கெங்கே இடிக்கும் என்று பார்க்க இதைவிடத் தோதான மொழி கிடையாது. எழுத்துமுறை முற்றிலும் வேறாக இருந்தால், "இதற்குத் தனியாக வேலை செய்ய வேண்டும்" என்று எல்லோருக்கும் முதலிலேயே தெரிந்துவிடும். ருமேனிய மொழிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. "அதே ஏ பி சி டி, கூட ஐந்தே எழுத்து, அவ்வளவுதானே" என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ஐந்து எழுத்தில் அப்படி என்ன சிக்கல்?

மொத்தம் 31 எழுத்து. ஆங்கிலத்தின் 26 போக, தலையில் கிண்ணம் போன்ற குறி வைத்த ஒரு 'ஏ', கூரை போன்ற குறி வைத்த இன்னொரு 'ஏ', அதே கூரை வைத்த 'ஐ', கீழே கால்புள்ளி வைத்த 'எஸ்', கீழே கால்புள்ளி வைத்த 'டி' ('எஸ்'ஸுக்கு அடுத்து வரும் 'டி'). முதல் மூன்றில் பெரிய வம்பு இல்லை. வம்பெல்லாம் கடைசி இரண்டில்தான்.

1987-இல் வந்த ஐஎஸ்ஓ 8859-2 என்ற எழுத்துத் தொகுப்பு (எந்த எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்ற பட்டியல்) கிழக்கு, மத்திய ஐரோப்பிய மொழிகளுக்கானது. அதில் ருமேனிய எழுத்துகளுக்குக் கால்புள்ளிக்குப் பதிலாக 'செடில்லா' என்ற கொக்கி வால் போட்டுவிட்டார்கள். வால் வைத்த 'எஸ்' துருக்கி மொழியின் எழுத்து. ருமேனிய மொழியில் கால்புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் கீழே தனியாக நிற்கும். விண்டோஸின் 1250 குறியீட்டுப் பக்கம் என்ற தொகுப்பும் இதே வழியில் போனது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடும் ஆரம்பத்தில் இரண்டையும் ஒரே எழுத்தாகத்தான் நினைத்தது.

விளைவைக் கண்ணால் பார்க்க வேண்டும். பல எழுத்துருக்களில் 'எஸ்' துருக்கிய வாலோடு வரும். 'டி'க்கு மட்டும், அதைப் பெரிதாகப் பயன்படுத்த வேறு மொழி இல்லாததால், எழுத்துரு வரைந்தவர் கால்புள்ளியே போட்டிருப்பார். ஒரே தலைப்பில் ஓர் எழுத்துக்குக் கொக்கி, பக்கத்து எழுத்துக்குக் கால்புள்ளி.

1999-இல் யூனிகோட் 3.0 கால்புள்ளி வைத்த எழுத்துகளுக்குத் தனி இடம் கொடுத்தது. 2001-இல் ஐஎஸ்ஓ 8859-16-உம் வந்தது. சரி, தீர்ந்ததா என்றால், இல்லை. தரத்தில் எழுத்து வந்தாலும் எழுத்துருவில் வர வேண்டுமே. விண்டோஸ் எக்ஸ்பியில் முறைப்படி எழுதினால் பார்ப்பவர் திரையில் வெறும் கட்டம் தெரியும். அதனால் சரியான எழுத்து எது என்று தெரிந்தவர்கள்கூடத் தவறானதையே எழுதினார்கள். 2007 ஜனவரி 1-ஆம் தேதி ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அதே மாதக் கடைசியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் சரியான எழுத்துருவும் விசைப்பலகையும் இருந்தன. எக்ஸ்பிக்கும் ஒன்றிய விரிவாக்கத்தின் பெயரிலேயே ஓர் எழுத்துருப் புதுப்பிப்பு வெளியானது. ஓர் எழுத்தின் கீழே கால்புள்ளி சரியாக விழ, நாடு ஓர் ஒன்றியத்தில் சேர வேண்டியிருந்தது!

இப்போது சரியாகிவிட்டதல்லவா? பழங்கதை எதற்கு?

பழைய கோப்புகள் அப்படியே இருக்கின்றனவே. ஒரே பெயர் ஒரு கோப்பில் வாலோடும் இன்னொன்றில் கால்புள்ளியோடும் இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கோ இரண்டும் வேறு வேறு எழுத்து. தேடினால் பாதிதான் கிடைக்கும். அகரவரிசைப்படுத்தினாலும் குழப்பம்: முறைப்படி, கால்புள்ளி 'எஸ்' சாதாரண 'எஸ்'ஸுக்கு அடுத்த தனி எழுத்து. வால் வைத்தது எங்கே போய் உட்காரும் என்பது அந்த மென்பொருளை எழுதியவரின் முன்யோசனையைப் பொறுத்தது. தேடுபொறிகள் இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கப் பழகிவிட்டன. உள்ளூர் தரவுத்தளங்களிடமிருந்து அதை எதிர்பார்க்க முடியாது. யாராவது ருமேனியப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் நான் செய்யும் முதல் வேலை, இந்த இரண்டு எழுத்தையும் ஒரே வகைக்கு மாற்றுவதுதான்.

குறியே போடாமல் எழுதினால் புரியாதா?

பெரும்பாலும் புரியும். ருமேனியர்கள் பல வருடம் அப்படித்தான் எழுதினார்கள், இன்றும் அரட்டையில் நிறையப் பேர் அப்படித்தான். ஆனால் இதைப் பாருங்கள்: 'ஃபத' என்றால் ஒரு பெண், 'ஃபதா' என்றால் அந்தப் பெண், 'ஃபத்ஸ' என்றால் முகம், 'ஃபத்ஸா' என்றால் அந்த முகம். குறிகளை எடுத்துவிட்டால் நான்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மனிதர்கள் இடம் பார்த்துப் பொருள் கொள்வார்கள். வாசித்துக் காட்டும் மென்பொருள் திணறும்.

சோம்பல் மட்டுமே இதற்குக் காரணமில்லை. காசும் உண்டு. கைப்பேசிக் குறுஞ்செய்தியின் அடிப்படை எழுத்துத் தொகுப்பில் ருமேனிய மொழியின் ஐந்து எழுத்தும் கிடையாது. அதில் ஒன்றே ஒன்றைச் சேர்த்தாலும் செய்தி முழுவதும் வேறு குறியாக்கத்துக்கு மாறி, 160 எழுத்து இடம் 70 ஆகச் சுருங்கிவிடும். மீறினால் இரண்டு செய்திக்குப் பணம். ஒரு தலைமுறை குறியில்லாமல் எழுதப் பழகியதற்கு மொழிப்பற்றுக் குறைவைக் காரணம் சொல்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

விசைப்பலகை?

மூன்று வகை கிடைக்கும். பழையது, ஆங்கில 'ஒய்'யும் 'இசட்'டும் இடம் மாறியது, அதை மறந்துவிடலாம். 2004-இன் ருமேனியத் தரப்படி அமைந்த புதியதில், சதுர அடைப்புக்குறிகளும் அரைப்புள்ளியும் இருக்கும் விசைகளில் ருமேனிய எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். கடிதம் எழுத வசதி, நிரல் எழுத அவஸ்தை. அதனால்தான் 'புரோகிராமர்' என்ற பெயரிலேயே மூன்றாவது வகை: விசைப்பலகை ஆங்கிலத்தில் இருப்பதுபோலவே இருக்கும், வலப்பக்க ஆல்ட் விசையோடு 'எஸ்'ஸைத் தட்டினால் கால்புள்ளி 'எஸ்', 'டி'யைத் தட்டினால் கால்புள்ளி 'டி', 'கியூ'வைத் தட்டினால் கூரை வைத்த 'ஏ'. என் ஓட்டு இதற்கே.

ஆங்கிலச் சொல்லுக்குப் பதில் ருமேனியச் சொல்லைப் போட்டால் இயங்குதளம் மொழிபெயர்ந்துவிடாதா?

இங்கேதான் எனக்கு உண்மையான சுவாரசியம். ஆங்கிலத்தில் சொற்கள் அதிகம் உருமாறுவதில்லை. அதனால் ஆங்கிலம் மட்டும் தெரிந்த நிரலாளர் வாக்கியத்தைத் துண்டு துண்டாக ஒட்டியே காலம் தள்ளிவிடலாம். எண்ணுக்கு ஓர் ஓட்டை, பெயருக்கு ஓர் ஓட்டை விட்டு, நடுவில் 'நீக்கப்பட்டது' என்று எழுதிவிட்டால் முடிந்தது.

ருமேனிய மொழியில் அந்த 'நீக்கப்பட்டது' நான்கு வடிவம் எடுக்கும். ஒரு கோப்பு நீக்கப்பட்டால் 'ஷ்தெர்ஸ்', ஒரு படம் நீக்கப்பட்டால் பெண்பால் வடிவம், பல பயனர்கள் நீக்கப்பட்டால் ஆண்பால் பன்மை, பல படங்களானால் பெண்பால் பன்மை. கோப்புக்கான சொல்லோ அலிப்பால்: ஒருமையில் ஆண்பால் போலவும் பன்மையில் பெண்பால் போலவும் நடந்துகொள்ளும். எது நீக்கப்பட்டது என்று தெரியாமல் எந்த வடிவத்தை எழுதுவது? மொழிபெயர்ப்பாளர் கையில் இருப்பதோ சூழல் எதுவும் இல்லாத ஒற்றைச் சொல் மட்டும்.

அடுத்து எண். ஆங்கிலத்துக்கு இரண்டே வகை, ஒன்று, மற்றவை. ருமேனிய மொழியில் மூன்று. 1 என்றால் ஒருமை. 2 முதல் 19 வரை எண்ணுக்குப் பின் நேரே பன்மை. 20 ஆனதும் நடுவில் 'தெ' என்ற இடைச்சொல் வந்து நிற்கும்: '19 ஃபிஷியெரெ', ஆனால் '20 தெ ஃபிஷியெரெ'. 100 வரை இப்படி. 101-இல் 'தெ' காணாமல் போகும், 119 வரை வராது, 120-இல் திரும்ப வரும். பூச்சியமும் 'தெ' இல்லாத கூட்டம். லினக்ஸ் உலகில் பயன்படும் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியில் இதற்கென ஒரு சூத்திரமே எழுதி வைத்திருக்கிறார்கள்: எண்ணை நூறால் வகுத்து மீதியைப் பார். கோப்புகளை நகலெடுக்கும்போது எண்ணிக்கை 19-இலிருந்து 20-க்குத் தாவும் கணத்தில் அந்த 'தெ' முளைக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். முளைத்தால், அந்த மென்பொருளைச் செய்தவர் மொழிக்கு மரியாதை கொடுத்திருக்கிறார். நான் மென்பொருளை எடைபோடும் அளவுகோல்களில் இதுவும் ஒன்று.

அப்புறம், ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும் 'தி' இங்கே பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். 'ஃபிஷியேர்' கோப்பு, 'ஃபிஷியெருல்' அந்தக் கோப்பு, 'ஃபிஷியெருலூய்' அந்தக் கோப்பினுடைய. உருபு ஒட்டும் மொழியில் பிறந்த நமக்கு இது உடனே புரியும். நிரலில் பெயருக்கு ஓட்டை விட்டு வைத்தவருக்குத்தான் புரியாது, ஓட்டையில் உருபு ஒட்டாது. தப்பிக்கும் வழி, பெயருக்கு முன்னால் 'கோப்பு' என்ற சொல்லைச் சேர்த்து உருபை அதன் தலையில் கட்டிவிடுவது. ருமேனிய இயங்குதளங்களின் வாக்கியங்கள் சற்று நீளமாகவும் அலுவலக வாடையோடும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணினி பயனரை 'நீ' என்கிறதா, 'நீங்கள்' என்கிறதா?

ருமேனிய மொழியில் இந்த வேறுபாடு நம்மைப்போலவே உண்டு. ஆங்கிலத்திலிருந்து வரும் 'சேமி' என்ற கட்டளையை எப்படி எழுதுவது? சிலர் 'நீ' வடிவத்தில் 'சல்வெயாஸ' என்று எழுதுகிறார்கள். சிலர் தொழிற்பெயராக்கி 'சல்வாரே', அதாவது 'சேமித்தல்' என்று போட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் பெரும்பாலும் இரண்டாவது ரகம். யாரையும் அழைக்காமல் வேலையை முடித்துவிடும் தந்திரம் அது. எனக்கு அதுதான் பிடிக்கிறது. பெட்டிக்குள் இருந்து ஒரு நிரல் என்னை ஒருமையில் விளிப்பதைவிட, யாரையுமே விளிக்காமல் இருப்பது மேல்.

கணினிச் சொற்கள் எல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்தவையா?

இல்லை, பழையவற்றில் பலவும் பிரெஞ்சு வாடை அடிப்பவை. கோப்புக்கும் அச்சுப்பொறிக்கும் திரைக்கும் உள்ள சொற்கள் பிரெஞ்சிலிருந்து வந்தவை. ருமேனியாவின் கணினி வரலாற்றிலும் பிரெஞ்சுக்கு ஒரு பங்கு உண்டு. 1957-இல் புக்கரெஸ்ட் அருகே மகுரேலேயின் அணு இயற்பியல் நிறுவனத்தில் விக்டர் தோமா தலைமையில் சிஃபா-1 என்ற கணினி உருவானது. 1961-இல் திமிஷோவாராவில் மெசிப்ட் என்ற கணினி. 1970-களின் ஃபெலிக்ஸ் சி-256 பிரெஞ்சு உரிமத்தில் செய்தது, அதன் 'ஸிரிஸ்' இயங்குதளமும் பிரெஞ்சு வழி வந்ததே. ஆங்கிலம் பின்கதவு வழியாக நுழைந்தது. 1985-இன் எச்சி-85, பிரிட்டிஷ் ஸ்பெக்ட்ரம் கணினியின் நகல். அதன் விசைகளில் பேசிக் என்ற நிரல்மொழியின் கட்டளைகள் ஆங்கிலத்திலேயே அச்சாகியிருந்தன. அதில் விளையாடிய பிள்ளைகளுக்கு அந்தக் கட்டளைகளும் ஆங்கிலப் பாடம்தான்.

ஒரு வேடிக்கை: தடித்த எழுத்தை ருமேனிய மென்பொருள்கள் 'அல்தின்' என்கின்றன. வெனிஸ் நகர அச்சகக்காரர் ஆல்தஸ் மனூத்தியஸின் பெயரால் வந்த சொல். அவர் அச்சகம் பெயர் வாங்கியதோ சாய்வெழுத்துக்கு!

ருமேனியர்களே கணினியை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள் என்கிறார்களே?

தொழில்நுட்பத் துறையில் இருப்பவர்களில் நிறையப் பேர் அப்படித்தான். அதை மோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே வெளிநாட்டுப் படங்களுக்குக் குரல் மாற்றுவது வழக்கமில்லை, வசன வரிகள்தான். தொலைக்காட்சி பார்த்தே ஆங்கிலம் காதில் ஏறிவிடும். 1990-களில் வீட்டுக்கு வந்த இயங்குதளமோ பெரும்பாலும் கள்ள நகல், அதுவும் ஆங்கிலத்தில். 2007 பிப்ரவரியில் பில் கேட்ஸ் புக்கரெஸ்ட் வந்தபோது, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதிபர் பஸெஸ்கு, இந்தத் திருட்டு நகல்கள்தான் எங்கள் இளைஞர்களைக் கணினிக்கு அறிமுகம் செய்தன என்ற பொருளில் பேசியது உலகச் செய்தியானது.

இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். எழுத்து சரியாகத் தெரியாது, பன்மை தப்பாக வரும், பிழைச் செய்தியைத் தேடினால் தாய்மொழியில் விடை இருக்காது. இந்த நிலையில் ஆங்கிலத்துக்கு மாறியது பிழைக்கும் வழி. பிறகு இயங்குதளங்கள் திருந்தின, பழக்கம் திரும்பவில்லை. மொழி தோற்றது என்று நான் சொல்ல மாட்டேன். மென்பொருள் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

விண்டோஸ், லினக்ஸ், மேக்: ருமேனிய மொழிக்கு எது நல்லது?

எழுத்து விஷயத்தில் இன்று மூன்றும் சரி. கோப்புறைப் பெயர்களில்தான் குணம் தெரியும். விண்டோஸ், ஆவணக் கோப்புறையை 'தோகுமெந்தெ' என்று காட்டினாலும் வட்டில் ஆங்கிலப் பெயரையே வைத்திருக்கும். முகமூடி மட்டும் மாறும். லினக்ஸ் நேர்மையாக அந்தப் பெயரிலேயே கோப்புறையை உருவாக்கும். மொழியை மாற்றி உள்நுழைந்தால், "கோப்புறைப் பெயர்களையும் மாற்றட்டுமா?" என்று கேட்கும். யோசிக்காமல் ஆமாம் என்றால், ஆங்கிலப் பெயரை நம்பி எழுதிய சின்னச் சின்ன நிரல்களெல்லாம் ஒரே நாளில் வழி தெரியாமல் நிற்கும். பதிவிறக்கக் கோப்புறையின் ருமேனியப் பெயரில் கிண்ணக்குறி எழுத்து இரண்டு முறை வருகிறது, கட்டளை தட்டும் டெர்மினல் திரையில் அதைத் தட்டுவதும் கொஞ்சம் எரிச்சல்தான். நான் 'வேண்டாம்' என்றே பதில் சொல்வேன்.

மேக்கில் வேறு கதை. பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறை, கால்புள்ளி 'எஸ்'ஸை ஒரே எழுத்தாகச் சேமிக்காமல் 'எஸ்' தனி, கால்புள்ளி தனி என்று பிரித்துச் சேமிக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கு நகலெடுத்தால் அச்சு அசலாக ஒரே பெயரில் இரண்டு கோப்பு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சாத்தியம் உண்டு. லினக்ஸ் பைட்டுகளை, அதாவது சேமித்த எண்களை, மட்டும் பார்ப்பதால் அதற்கு அவை இரண்டும் வேறு.

எனக்கு லினக்ஸ் பிடிக்கக் காரணம், செய்திக்கு ஒரு மொழி, தேதிக்கு ஒரு மொழி, எண்ணுக்கு ஒரு மொழி என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள விடுவது. ஒரு கட்டளைக்கு மட்டும் பிழைச் செய்தியை ஆங்கிலத்தில் வரவழைக்கவும் முடியும். விடை தேடும்போது அது பேருதவி.

கட்டளைகளையும் மொழிபெயர்த்துவிடலாமே?

வேண்டவே வேண்டாம். கட்டளைகள் சொற்கள்போலத் தெரிந்தாலும் சொற்கள் அல்ல. மொழிபெயர்த்தால் ஓர் ஊரில் எழுதிய நிரல் இன்னோர் ஊரில் ஓடாது.

தேதி, எண் முதலியவை?

தேதியில் நாள், மாதம், ஆண்டு, நடுவில் புள்ளி. தசமத்துக்குக் கால்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி, ஆங்கிலத்துக்கு நேர் தலைகீழ். இதனால் காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்புகளில் அரைப்புள்ளி போட வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் 1.500 என்று எழுதியது மறுபக்கம் ஒன்றரையாகப் போய்ச் சேரும். பணத் தொகையில் இது நடந்தால் சிரிப்பு வராது.

எழுத்துப்பிழை திருத்தி நம்பகமானதா?

நம்பலாம், ஒரு விஷயம் தெரிந்திருந்தால். கூரை வைத்த 'ஏ'யும் கூரை வைத்த 'ஐ'யும் ஒரே ஒலிதான். 1953-இன் சீர்திருத்தம் எங்கும் 'ஐ'யே என்றது. பின்னர் நாட்டின் பெயர் போன்ற சில சொற்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். 1993-இல் ருமேனிய அகாதமி சொல்லின் நடுவில் 'ஏ'யைத் திரும்பக் கொண்டுவந்தது. எனவே பழைய நூலை வருடி (ஸ்கேன் செய்து) எடுத்தால் பாதிப் பக்கம் சிவப்புக் கோடாகத் தெரியும். நூலில் தவறில்லை.

ஆங்கிலத்துக்குச் சிக்கலே வரவில்லையா?

வந்தது. ஆஸ்கி என்ற அடிப்படைத் தொகுப்பு அமெரிக்கர்களுடையது. அதில் பிரிட்டனின் பவுண்டுக் குறிக்கே இடமில்லை.

மொழி கற்க இயங்குதளத்தை மாற்றி வைப்பது பலன் தருமா?

ஓரளவு. 'திற', 'மூடு', 'நீக்கு', 'உறுதியா?' போன்றவை சீக்கிரம் மனதில் பதிந்துவிடும். பால் வேறுபாடும், வாலில் ஒட்டும் உருபும் கண்ணுக்குப் பழகும். பேச்சு வராது. இயங்குதளத்திடம் கற்றவர் ஒரு கோப்பை அழிக்கச் சொல்வார், வழி கேட்கத் தெரியாது. கைப்பேசியை விடக் கணினியில் செய்வது நல்லது, வாக்கியங்கள் முழுதாக இருக்கும். வங்கி வேலை, வரி வேலை செய்யும் கணக்கை மட்டும் தெரிந்த மொழியிலேயே விட்டுவிட்டு, இதற்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன் மொழி அமைப்பு எந்தப் பட்டியலில் எத்தனையாவது வரி என்று ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ருமேனிய மொழியில் அதன் பெயர் 'லிம்ப'.